கையைக் கடிக்காமல் ஒரு பழைய செலிக்காவுக்குப் புதுப் பெயின்ற்

என் வீடு மட்டக்களப்பு, கல்லடியில், கடல் இரையும் சத்தம் கேட்கும் தூரத்தில். அந்த உப்புக்காற்றில் முப்பது வருடம் தாண்டிய டொயோட்டா செலிக்கா ஒன்றை வைத்திருக்கிறேன். 1989 முதல் 1993 வரை வந்த, முன் லைற் மேலே எழும்பும் ரகம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தாலும், வரியோடு கூட்டிப் பார்த்தால் புதுக்கார் நமக்கு எட்டாது. சரி, இருப்பதையே அழகாக்குவோம்.

கராஜில் முழுக்காருக்கும் பெயின்ற் அடிக்கக் கேட்கும் காசில் பெரும்பகுதி தேய்ப்புக்கூலி. அதனால் கழற்றுவது, தேய்ப்பது, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைப்பது எல்லாம் நீங்கள்; கடைசி ஸ்பிரே மட்டும் பெயின்றர். இதை முதலிலேயே அவரிடம் பேசிவிடுங்கள். அடுத்தவர் தேய்த்த காரில் கைவைக்கமாட்டேன் என்கிறவர்களும் உண்டு.

எப்போது தொடங்குவது? ஐப்பசி முதல் தை வரை நினைக்கவே வேண்டாம், மழை. மே தாண்டினால் கச்சான் காற்று புழுதியை அள்ளி வரும். மாசி, பங்குனிதான் நமக்குத் தோதான காலம்.

நிறத்தைப் பற்றி என் கருத்து: பழைய நிறத்தையே அடியுங்கள். நிறம் மாற்றினால் கதவின் உள்விளிம்பு, டிக்கி, எஞ்சின் அறை எல்லாவற்றுக்கும் அடிக்கவேண்டும், செலவு கூடும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தையும் திருத்தவேண்டும். டொயோட்டாவில் நிறக்குறியீடு காரின் விபரத் தகட்டிலேயே இருக்கும். 040 என்றால் வெள்ளை. குறியீட்டை மட்டும் நம்பாமல் பெற்றோல் மூடிக்கதவைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். அதன் உட்பக்கம் வெயில் படாதது, உண்மையான நிறம் அங்கேதான் இருக்கும். இந்த அளவுக் காரின் வெளிப்புறத்துக்கு, தின்னர் (பெயின்றை ஐதாக்கும் திரவம்) கலக்குமுன் சுமார் 2 லீற்றர் நிறம் போகும். ஒரே தடவையில் கலக்கி வாங்குங்கள். குறைகிறது என்று பிறகு வாங்கினால் கொஞ்சமாவது வித்தியாசப்படும்.

இனி வேலை. முதலில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். உப்பும் மெழுகும் போகாமல் தேய்த்தால் இரண்டையும் தகரத்துக்குள் நீங்களே அழுத்தி விடுகிறீர்கள். பிறகு முன் லைற்றை மேலே எழுப்பிவிட்டுப் பற்றரியைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் லைற்றின் விளிம்பைத் தேய்க்க முடியாது. கைபிடி, கண்ணாடி, சின்னம், பின்லைற் எல்லாம் கழற்றி, ஆணிகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ரேப் ஒட்டி மறைப்பதைவிடக் கழற்றுவதுதான் நல்லது.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து, வெளியே தெரியாத ஓர் இடத்தில் வைத்து அரை நிமிடம் தேயுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் பழைய பெயின்ற் தின்னரில் கரையும் சாதி. அதன்மேல் ஹார்ட்னர் (இறுகவைக்கும் கலவை) கலந்த புதுப் பெயின்ற் அடித்தால் சுருங்கிப் பொங்கும். நான் இதைச் செய்யாமல் விட்டேன். பொனெற்றில் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், பால் ஆடை மாதிரி முழுவதும் சுருக்கம். இரண்டு நாள் சுரண்டினேன். நிறம் ஒட்டினால் அந்தப் பெயின்றை முழுதாக எடுத்துவிடுங்கள்.

கறள் பார்க்கும் இடங்கள்: சில்லு வளைவின் உட்பக்கம், கதவின் அடி, டிக்கி றப்பரின் கீழ். கொப்புளத்தை ஸ்குறூட்றைவரால் குத்துங்கள். உள்ளே போனால் அது பட்டி வேலை இல்லை, வெட்டித் தகரம் வைத்து ஒட்டவேண்டும், டிங்கரிடம் (தகர வேலை செய்பவரிடம்) போங்கள். மேலோட்டமான கறள் என்றால் 80ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரால் (இலக்கம் கூடக்கூட பேப்பர் மென்மை) வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே பிரைமர் பூசிவிடுங்கள். கல்லடிக் காற்றில் ஓர் இரவு விட்டால் விடியும்போது அது திரும்பவும் செம்பட்டை.

பட்டிக்கு ஹார்ட்னர் எடையில் நூற்றுக்கு 2 பங்கு. நம் வெயிலில் நாலைந்து நிமிடத்தில் இறுகிவிடும், அதனால் எலுமிச்சம்பழ அளவு மட்டும் கலக்குங்கள். முதலில் 80, பிறகு 180. பேப்பரை விரலால் பிடித்துத் தேய்த்தால் பள்ளம் விழும். தட்டையான மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

பட்டி தேய்த்து முடிந்ததும் பிரைமர். அது காய்ந்த பிறகு செய்வதுதான் வேலையின் உயிர். மலிவான கறுப்பு ஸ்பிரே ரின் ஒன்றை வாங்கித் தூரத்தில் பிடித்து, மேலே தூவினாற்போல் அடியுங்கள். கட்டையில் 400 பேப்பர் சுற்றித் தண்ணீர் ஊற்றித் தேயுங்கள். மேடான இடத்தில் கறுப்பு உடனே போகும், பள்ளத்தில் அப்படியே நிற்கும். எங்கள் பெயின்றர் வந்து பார்த்தபோது கண்ணால் பார்க்கவே இல்லை. மெல்லிய துணியொன்றைக் கதவில் விரித்து, அதன்மேல் உள்ளங்கையை மெதுவாக இழுத்தார். "இதில கை வச்சுப் பார் மனே" என்றார். கைபிடிக்குக் கீழே ஐந்து ரூபாய்க் குத்தி அகலத்தில் ஒரு பள்ளம். அதற்கு இன்னொரு நாள் போனது. கறுப்பு முழுவதும் போனபிறகு 800 போட்டு முடியுங்கள்.

ஸ்பிரேயை ஏன் நீங்கள் அடிக்கக்கூடாது? ஹார்ட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது. அதன் புகை நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். தூசுக்குக் கட்டும் முகக்கவசம் இதற்குக் காணாது. பெயின்றருக்கும் வெளிக்காற்று வரும் முகமூடிதான் பாதுகாப்பு, அது இருக்கிறதா என்று கேட்டு ஆளைத் தெரிவுசெய்யுங்கள். கிடுகுக் கொட்டிலுக்குள் அடிப்பவர் என்றால் மேலே பொலித்தீன் கட்டச் சொல்லுங்கள், கிடுகுத் தூள் ஈரப் பெயின்றில் விழும். நேரம், பனி காய்ந்த பிறகு, கடற்காற்று எழும்புமுன். ஈரம் கூடிய நேரத்தில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

அலங்காரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். பெரிய விங், ஸ்டிக்கர் எல்லாம் இந்தக் காரின் உருண்ட உடம்புக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். சில்லுகளைத் தேய்த்து வெள்ளி நிறம் அடியுங்கள், வெடித்த கண்ணாடி றப்பர்களை மாற்றுங்கள், மங்கிய பின்லைற்றை 2000 பேப்பரில் தேய்த்துப் பாலிஷ் போடுங்கள். அதற்கே தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள்.

கார் வீட்டுக்கு வந்தபின் ஒரு மாதத்துக்கு மெழுகு போடாதீர்கள், உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வேண்டும். மாமரத்துக்குக் கீழே நிறுத்தவும் வேண்டாம். காகம் எச்சம் போட்டால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.