சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு நாயுடன்: தேதிக் கணக்கு தப்பாமல் போய்ச் சேர

ஜெர்மனியில் வேலை உறுதியானதும் எல்லோருக்கும் முதலில் விசாதான் நினைவுக்கு வரும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கான வேலையை விசாவுக்கும் முன்னால் தொடங்குங்கள். எவ்வளவு அவசரப்பட்டாலும் நான்கு மாதத்துக்குள் முடியாது. பதற்றமில்லாமல் செய்ய ஐந்து மாதம் வேண்டும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்தக் காலத்தைச் சுருக்க வழியில்லை.

காரணம் ரேபிஸ். இந்த நோய் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் சலுகை தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் இங்கிருந்து போகும் நாய்க்கு ஊசி போட்டால் மட்டும் போதாது. ஊசி வேலை செய்திருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையில் காட்ட வேண்டும். ரத்தம் எடுத்த பிறகும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஊசிக்கு முன்பே கிருமி உடலில் புகுந்திருந்தால், அந்த இடைவெளியில் நோய் வெளிப்பட்டுவிடும் என்பதே இதன் தர்க்கம்.

இதையெல்லாம் தொடங்கும் முன் நாயின் இனத்தைப் பாருங்கள். பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷையர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷையர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய நான்கையும் அவற்றின் கலப்புகளையும் ஜெர்மனிக்குள் கொண்டுவர 2001ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. இது போக ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பட்டியல் உண்டு. பவேரியாவின் பட்டியலில் ராட்வைலரும் இருக்கிறது. போகிற மாநிலத்தின் விதியைப் படிக்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. ஆனால் தடுப்பூசிப் புத்தகத்தில் இனம் என்ற இடத்தில் ஊகத்தில் எதையும் எழுத விடாதீர்கள். கலப்பு என்றால் கலப்பு என்றே இருக்கட்டும்.

அடுத்தது சிப்பும் ஊசியும். இவற்றின் வரிசை மாறவே கூடாது. ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் உள்ள 15 இலக்க மைக்ரோசிப்பை (தோலுக்கடியில் செலுத்தும் அடையாளச் சில்லு) முதலில் போட வேண்டும். ரேபிஸ் ஊசி அதே நாளிலோ அதற்குப் பிறகோ போடப்பட்டிருக்க வேண்டும். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி, அது நேற்றுப் போட்டதாக இருந்தாலும், கணக்கில் வராது. நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்: வருடம் தவறாமல் ஊசி போட்டிருப்பார்கள், பயணம் என்றதும் சிப் போடுவார்கள், பழைய ஊசியை வைத்தே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசியில் சான்றிதழ் கேட்கும்போது எல்லாம் முதலிலிருந்து. சிப் போட்ட உடனே ஸ்கேனரில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ஊசிக்கும் ரத்தத்துக்கும் போகும்போதெல்லாம் படிக்கச் சொல்லுங்கள். ஓர் இலக்கம் மாறி எழுதப்பட்டால் அந்தக் காகிதம் உங்கள் நாயுடையது ஆகாது.

ஊசி போடும்போது நாய்க்குக் குறைந்தது 12 வாரம் ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாள் கழித்தே ரத்தம் எடுக்கலாம். ரத்தத்திலிருந்து சீரத்தை (தெளிந்த திரவப் பகுதி) பிரித்து, சிப் எண்ணை எழுதி, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மற்ற ஆய்வக முடிவு எவ்வளவு சரியாக இருந்தாலும் செல்லாது. எனவே ஆய்வகத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் பொருள்) அளவு மில்லிலிட்டருக்கு 0.5 ஐயு (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு ஊசி போட்ட இளம் நாய்களுக்குத்தான் அளவு குறைவாக வருவது அதிகம். அப்படிப்பட்ட குட்டிக்கு இன்னொரு ஊசியும் போட்டுவிட்டு ரத்தம் எடுப்பது பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

மூன்று மாதம் என்பது ரத்தம் எடுத்த நாளிலிருந்து. முடிவு வந்த நாளிலிருந்து அல்ல. ஜூலை 1 அன்று சிப்பும் ஊசியும், ஆகஸ்ட் 3 அன்று ரத்தம் என்றால், நவம்பர் 3க்குப் பிறகு ஜெர்மனியில் இறங்கலாம். சென்னையின் ஏப்ரல், மே வெயிலில் நாயை ஏற்ற வேண்டிய நிலை வராதபடி இந்தக் கணக்கைப் போடுங்கள்.

ரத்தப் பரிசோதனை ஒருமுறை தேறினால் நாயின் ஆயுள் முழுக்கச் செல்லும், ஒரு நிபந்தனையோடு: அடுத்த ரேபிஸ் ஊசி, முந்தையதன் காலாவதி தேதிக்குள் போடப்பட வேண்டும். ஒரே ஒரு நாள் தவறினாலும் ரத்தம், காத்திருப்பு எல்லாம் மறுபடி. அந்தத் தேதியைக் குடும்பத்தில் எல்லோருடைய கைபேசியிலும் போட்டு வையுங்கள்.

குடும்பங்கள் சிக்கும் இடம் இன்னொன்று. கணவர் முதலில் போய் வீடு பார்ப்பார், இரண்டு மாதம் கழித்து மனைவி நாயோடு போவார். நாயின் பயணம் உரிமையாளரின் பயணத்துக்கு ஐந்து நாள் முன்பின்னாக இருந்தால்தான் அது செல்லப்பிராணிக்கான எளிய விதியில் வரும். அதைத் தாண்டினால் வணிகப் பயணத்துக்கான கடினமான விதிகள் பொருந்தும். எனவே நாயோடு கூடவே பறக்கப்போகிறவர் யாரோ, அவர் பெயரிலேயே ஆரம்பத்திலிருந்து காகிதங்கள் இருக்கட்டும்.

ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழை மத்திய அரசின் விலங்குத் தொற்றொதுக்கச் (குவாரன்டைன்) சேவை அலுவலகம் தரும், சென்னையிலும் உண்டு. ஐரோப்பியப் படிவம் ஆங்கிலத்திலும், முதலில் தரையிறங்கும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். பிராங்பர்ட்டில் இறங்கினால் ஜெர்மன். பாரிஸில் இறங்கி மாறினால் பிரெஞ்சு. வழங்கிய நாளிலிருந்து 10 நாளுக்குள் ஐரோப்பாவில் நுழைந்துவிட வேண்டும். பொங்கல், தீபாவளி விடுமுறைகளைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். தடுப்பூசிப் புத்தகம், ஆய்வக அறிக்கை, பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாவற்றின் அசலும் இரண்டு நகலும் கையில் இருக்கட்டும்.

டிக்கெட் வாங்கும் முன் விமான நிறுவனத்திடம் நாய்க்கு இடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு விமானத்தில் சில நாய்களைத்தான் ஏற்றுவார்கள். பையோடு சேர்த்து ஏறத்தாழ 8 கிலோ வரை உள்ள சிறிய நாயைச் சில நிறுவனங்கள் இருக்கைக்கு அடியில் வைக்க விடும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை விமானத்தின் அடியிலுள்ள சரக்குப் பகுதியில் ஏற்ற மறுக்கும் நிறுவனங்கள் பல. வெப்பத்திலும் பதற்றத்திலும் அவற்றுக்கு மூச்சு முட்டும், அந்த மறுப்பு நியாயமானதே.

கூண்டின் அளவுக்கு ஐஏடிஏ (சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம்) கணக்கு உண்டு. மூக்கிலிருந்து வால் அடி வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முழங்கை வரையான உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தை இரட்டித்தால் அகலம். நின்ற நிலையில் தலை அல்லது காது நுனி வரையான உயரத்தோடு விரிப்பின் தடிமனைக் கூட்டினால் உயரம். 80 செ.மீ. நீளம், 34 முழங்கை, 28 தோள், 70 உயரம் உள்ள லேப்ரடாருக்கு, விரிப்பு 3 செ.மீ. என்றால், 97 × 56 × 73 செ.மீ. சப்பை மூக்கு நாய்க்கு 10 சதவீதம் கூட்டுங்கள். மேல் கீழ் பாதிகளை உலோக போல்ட்டால் இணைக்கவும். பிளாஸ்டிக் கிளிப் போதாது. நான்கு பக்கமும் காற்று வர வேண்டும், சக்கரத்தைக் கழற்றிவிட வேண்டும், கிண்ணத்தில் வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்ற முடிய வேண்டும். தண்ணீரை உறையவைத்து மாட்டினால் ஏற்றும்போது சிந்தாது, மெல்ல உருகிக் குடிக்கக் கிடைக்கும்.

கூண்டைப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி, கதவைத் திறந்து வைத்து அதிலேயே சாப்பாடு போடுங்கள். தானாகப் போய் உள்ளே தூங்கும் நாய்க்கு விமானம் அவ்வளவு பயம் தராது. மயக்க மருந்து வேண்டவே வேண்டாம்: ரத்த அழுத்தம் குறையும், உடல் வெப்பத்தைச் சமாளிக்க முடியாமல் போகும், கவனிக்க அங்கே யாரும் இல்லை. புறப்படுவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பு கொஞ்சமாக உணவு, பிறகு ஒரு நல்ல நடை.

பிராங்பர்ட்டில் சுங்க அதிகாரிகளிடம் நீங்களே போய்ச் சான்றிதழைக் காட்டி சிப்பைப் படிக்கச் செய்யுங்கள். வாடகை வீட்டுக்கு உரிமையாளரின் சம்மதத்தை முன்பே எழுத்தில் வாங்கியிருப்பது நல்லது. முகவரியைப் பதிவுசெய்ததும் நகராட்சியில் நாய் வரி கட்ட வேண்டும். தொகை ஊருக்கு ஊர் மாறும், பெர்லினில் முதல் நாய்க்கு வருடம் 120 யூரோ. பெர்லின், ஹாம்பர்க் போன்ற மாநிலங்களில் நாய்க்கான பொறுப்புக் காப்பீடும் (நாய் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கானது) கட்டாயம்.

முதல் மாதத்திலேயே உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் நாய்க்கு ஐரோப்பியச் செல்லப்பிராணிப் பாஸ்போர்ட் எடுத்து, ரத்தப் பரிசோதனை முடிவையும் அதில் பதியச் சொல்லுங்கள். பின்னாளில் நாயோடு ஊருக்கு வந்து திரும்பினால், ஊசி விடாமல் போட்டிருக்கும் பட்சத்தில், மூன்று மாதக் காத்திருப்பு இருக்காது. இந்தியாவுக்குள் கொண்டுவர மட்டும் அதே தொற்றொதுக்கச் சேவையின் தடையில்லாச் சான்றை, கிளம்பும் முன்பே வாங்க வேண்டும்.