மின்சுற்றும் அலையும்: இயற்பியல் தேர்வுக்குச் சேர்ந்து படிப்பது எப்படி?

நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கணக்குப் போட மற்ற மூவரும் பார்த்துத் தலையாட்டினால், படித்தவர் ஒருவர்தான். மின்னியலும் அலைகளும் எங்கள் குழுவுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்ட பிறகுதான். கணக்கைத் தொடுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் தனியாக, பேசாமல், தாளில் எழுத வேண்டும். அப்புறம்தான் விவாதம். அந்த முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஓம் விதியும், அலையின் வேகம் என்பது அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆட்களும் பொருள்களும்

மூன்று பேர் போதும், நாலு பேர் வரை சரி. ஐந்தாவது ஆள் சேர்ந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கிவிடுகிறார். பென்சில், அழிப்பான், அடிஸ்கேல், மூன்று நிறப் பேனா, வெற்றுத் தாள், கத்தரிக்கோல் இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம். கால்குலேட்டர் ஒன்றே ஒன்று, அதுவும் மேசை நடுவில். ஆளுக்கொன்று இருந்தால் எண்களைத் தட்டுவதில்தான் கை போகும்.

கணினி இருந்தால், கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) இணையதளத்தில் மின்சுற்று கட்டிப் பார்க்கவும், கயிற்றில் அலை விட்டுப் பார்க்கவும் இலவச சிமுலேஷன்கள் இருக்கின்றன. எனக்கு அவை மிகவும் பிடிக்கும். ஆனால் எல்லோரும் தங்கள் ஊகத்தை எழுதி முடிக்கும்வரை திறக்காதீர்கள். விடையைப் பார்த்துவிட்டால், “நானும் இதைத்தானே நினைத்தேன்” என்று மனம் உடனே ஒப்புக்கொண்டுவிடும்.

படி 2: மின்சுற்றில் முதல் கேள்வி, ‘எது பொது?’

12 வோல்ட் பேட்டரி ஒன்று, 4 ஓம், 6 ஓம் பல்புகள் இரண்டு. முதலில் தொடரிணைப்பு. எந்த பல்பு அதிகப் பிரகாசமாக எரியும்? எழுதுங்கள். அடுத்து அதே பல்புகள் பக்க இணைப்பில். இப்போது எது? இதையும் எழுதுங்கள்.

தாள்களைத் திருப்பினால் கட்டாயம் கருத்து வேறுபாடு இருக்கும். சரி, கணக்குப் போடலாம். தொடரிணைப்பில் மொத்த மின்தடை 10 ஓம், மின்னோட்டம் 1.2 ஆம்பியர். திறன், அதாவது வாட், எதில் அதிகமோ அந்த பல்புதான் அதிகப் பிரகாசம்: 4 ஓம் பல்பில் 5.76 வாட், 6 ஓம் பல்பில் 8.64 வாட். பக்க இணைப்பில் இரண்டுக்கும் முழு 12 வோல்ட் கிடைக்கிறது. 4 ஓம் பல்பில் 36 வாட், 6 ஓம் பல்பில் 24 வாட். அதாவது இணைப்பை மாற்றினால் வெற்றி பெறும் பல்பும் மாறிவிடுகிறது.

காரணம் இதுதான். தொடரில் மின்னோட்டம் பொது, அதனால் மின்தடை கூடினால் திறன் கூடும். பக்க இணைப்பில் மின்னழுத்தம் பொது, அதனால் மின்தடை கூடினால் திறன் குறையும். திறனுக்கு மூன்று சூத்திரங்களை மனப்பாடம் செய்துவிட்டு எதைப் போடுவது என்று தடுமாறுகிறவர்களுக்கு, ‘இங்கே எது பொது?’ என்ற கேள்வி ஒன்றே வழிகாட்டிவிடும்.

இன்னொரு ஊகக் கேள்வி: தொடர்ச் சுற்றில் பல்புக்கு முன்னால் ஒரு அம்மீட்டர், பின்னால் ஒரு அம்மீட்டர். எது குறைவாகக் காட்டும்? இரண்டுமே 1.2 ஆம்பியர்தான். பல்பில் செலவாவது ஆற்றல். மின்னோட்டம் அப்படியே வெளியே வருகிறது. இதைக் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு முறை வாய்விட்டு விளக்கிய பிறகே அடுத்த கணக்குக்குப் போங்கள்.

சிக்கலாக வரைந்த சுற்றுகளுக்கு நிறப் பேனா. பேட்டரியின் நேர்முனையிலிருந்து கிளம்பும் கம்பிக்குச் சிவப்பு. ஒரு மின்தடையோ பல்போ குறுக்கிடும்வரை, கிளை பிரிந்தாலும் அதே சிவப்பு. அதைத் தாண்டியதும் வேறு நிறம். தீட்டி முடித்ததும் சுற்று தன்னைத்தானே அவிழ்த்துக் காட்டும். இரண்டு மின்தடைகளின் முனைகளும் அதே இரு நிறங்களைத் தொட்டால் அவை பக்க இணைப்பு. ஒரு மின்தடையின் இரு முனையும் ஒரே நிறம் என்றால் அது குறுக்குச் சுற்றாகிவிட்டது, அதில் மின்னோட்டம் இல்லை.

படி 3: அலையும், தாளில் வெட்டிய பிளவும்

நேரம் அதிகம் பிடிப்பது இங்கேதான், அவசரப்படாதீர்கள். இரண்டு வரைபடங்கள் பார்ப்பதற்கு ஒரே மாதிரி வளைந்து நெளிந்து இருக்கும். ஒன்றின் கிடை அச்சு தூரம், மற்றதன் கிடை அச்சு நேரம். இரண்டிலும் முகட்டுக்கு முகடு 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். அலையின் வேகம் வினாடிக்கு 5 மீட்டர். அதிர்வெண் என்ன?

தூர வரைபடத்தில் 0.8 மீட்டர் என்பது அலைநீளம். அதிர்வெண் 5 ÷ 0.8, அதாவது 6.25 ஹெர்ட்ஸ். நேர வரைபடத்தில் 0.8 வினாடி என்பது அலைவுக் காலம். அதிர்வெண் 1 ÷ 0.8, அதாவது 1.25 ஹெர்ட்ஸ்; அலைநீளம் 4 மீட்டர். படம் ஒன்று, விடை வேறு. அதனால் எங்கள் குழுவில் வரைபடம் வந்ததும் முதல் வேலை, கிடை அச்சின் அலகைச் சுற்றி ஒரு வட்டம் போடுவது. வளைகோட்டைப் பார்ப்பது அதற்கப்புறம்.

ஆனால் அலகைப் பார்ப்பது மட்டும் போதாது. இந்த இரண்டு படங்களும் ஒரே அலையிலிருந்து எப்படி வருகின்றன என்று கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். ஒரு நீளத் தாளில் நாலைந்து முகடுகள் வருமாறு அலை ஒன்றை வரையுங்கள். இன்னொரு தாளின் நடுவில், செங்குத்தாக, தீக்குச்சி அகலத்துக்கு ஒரு பிளவு வெட்டுங்கள். பிளவுத் தாளை மேலே வைத்து அசையாமல் ஒருவர் பிடிக்க, அலைத் தாளை இன்னொருவர் அடியில் மெதுவாக வலப்பக்கம் இழுக்கட்டும். பிளவு வழியே தெரிவது ஒரு சிறு புள்ளி மட்டுமே. அது மேலே போகிறது, கீழே வருகிறது, பக்கவாட்டில் நகர்வதே இல்லை. அலை நகர்கிறது, துகள் இருந்த இடத்திலேயே அசைகிறது என்று பாடத்தில் படித்தது இதுதான். மூன்றாமவர் அந்தப் புள்ளியின் உயரத்தைச் சம இடைவெளியில் குறித்துக்கொண்டே வந்தால் நேர வரைபடம் தானே உருவாகும்.

இப்போது முக்கியமான கேள்வி. அலைக்கோடு நடுக்கோட்டைத் தொட்டு வலப்பக்கமாக மேலேறும் இடத்தில் பிளவை வையுங்கள். தாளை வலப்பக்கம் இழுத்தால் புள்ளி முதலில் மேலே போகுமா, கீழே போகுமா? எழுதிவிட்டு இழுங்கள். பெரும்பாலானவர்கள் ‘மேலே’ என்றுதான் எழுதுவார்கள், ஏனென்றால் கோடு அங்கே மேலேறுகிறது. புள்ளியோ கீழே இறங்கும். பிளவுக்குள் அடுத்து வருவது இடப்பக்கம் இருந்த பகுதி, அங்கே இருப்பது அகடு. வலப்பக்கம் போகும் அலையில் ஒரு துகளுக்கு அடுத்து என்ன நேரும் என்று தெரிய வேண்டுமானால் அதன் இடப்பக்கம் பாருங்கள். இடப்பக்கம் போகும் அலைக்கு வலப்பக்கம். தேர்வில் தாளை வெட்ட முடியாது. அதற்குப் பதில் அதே அலையைச் சற்று நகர்த்தி, புள்ளிக்கோட்டில் வரைந்தால் போதும். துகளின் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு ஒரு செங்குத்து அம்புக்குறி, அதுதான் விடை.

ஊடகம் மாறும் கணக்குகளுக்கும் ‘எது பொது?’ கேள்வியையே கேளுங்கள். 500 ஹெர்ட்ஸ் ஒலி காற்றிலிருந்து நீருக்குள் போகிறது. அதிர்வெண் பொது, அது மாறாது. காற்றில் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர், அலைநீளம் ஏறத்தாழ 0.69 மீட்டர். நீரில் வேகம் சுமார் 1480 மீட்டர், அலைநீளம் ஏறத்தாழ 2.96 மீட்டர்.

படி 4: பழைய வினாத்தாள்

கேள்வி ஒன்றுக்கு ஐந்து நிமிடம் தனியாக, அப்புறம் தாளை வலப்பக்கத்து ஆளிடம் கொடுங்கள். அவர் உங்கள் தாளைத் திருத்துவார். சரியா தவறா என்று குறிப்பதோடு விடாமல், எந்த வரியில் தடம் மாறியது என்று காட்ட வேண்டும். அலகு இல்லாத விடைக்கு மதிப்பெண் தராதீர்கள், நண்பராக இருந்தாலும்.

பின்சேர்க்கை 1: உண்மையான பல்புகளை வைத்துச் செய்து பார்த்த ஒருவர், பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் முதல் பல்பு மங்கிவிட்டதே, ஏன் என்று கேட்டிருந்தார். அருமையான கேள்வி. மேலே உள்ள கணக்கில் பேட்டரியின் அக மின்தடையை, அதாவது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடையை, விட்டுவிட்டோம். அதை 1 ஓம் என்று வைத்தால், 4 ஓம் பல்பு மட்டும் இருக்கும்போது அதற்கு 9.6 வோல்ட் கிடைக்கும். 6 ஓம் பல்பும் சேர்ந்ததும் இரண்டுக்கும் சுமார் 8.5 வோல்ட்தான். தேர்வுக் கேள்வியில் ‘அக மின்தடையைப் புறக்கணிக்கவும்’ என்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: ஒலி அலையையும் பிளவுத் தாளில் செய்யலாமா என்று சிலர் கேட்டார்கள். செய்யலாம், ஆனால் செங்குத்து அச்சின் பொருள் அங்கே வேறு. ஒலி நெட்டலை, காற்றுத் துகள்கள் அலை போகும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. வலப்பக்கம் நகர்ந்ததை மேலே என்றும், இடப்பக்கம் நகர்ந்ததை கீழே என்றும் வரைபடத்தில் குறிக்கிறோம். அச்சின் ஓரத்தில் ‘மேலே = வலம்’ என்று எழுதி வைத்துக்கொண்டு தாளை இழுங்கள்.