பிள்ளையைத் தத்துக் கொடுக்கவிருக்கும் தாய்க்கு மருத்துவச் செலவு: தென்னாப்பிரிக்காவில் என்ன செய்ய வேண்டும்?

வயிற்றில் வளரும் பிள்ளையைத் தத்துக் கொடுப்பதென்று ஒரு பெண் முடிவு செய்தபின், அவரையும் அவர் வீட்டாரையும் முதலில் அலைக்கழிப்பது பணக் கவலைதான். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அத்தகைய பெண்களுக்குத் துணையாகக் கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். "பிள்ளை எங்களோடு இருக்கப்போவதில்லை என்றால், மெடிக்கல் எய்ட் பிரசவத்துக்குப் பணம் கொடுக்குமா?" என்று, மாதச் சந்தா கட்டிச் சேரும் மருத்துவக் காப்புத் திட்டமான மெடிக்கல் எய்ட்டைப் பற்றி அவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். கொடுத்தாக வேண்டும். கர்ப்பமும் பிரசவமும் அந்தப் பெண்ணின் உடலுக்கு உரியவை; பிள்ளையை யார் வளர்க்கப்போகிறார்கள் என்பது அந்தச் செலவை ஏற்கும் கடமையைத் தொடுவதேயில்லை. தத்து என்ற சொல்லை மெடிக்கல் எய்ட்டிடம் சொல்லித்தான் பிரசவத்துக்கு அனுமதி பெற வேண்டும் என்பதும் இல்லை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பெண் ஏதேனும் ஒரு மெடிக்கல் எய்ட்டின் உறுப்பினரா, அல்லது தந்தை, தாய், கணவர் ஆகியோரின் பெயரில் சேர்க்கப்பட்டவரா என்பதாகும். இந்த ஒரு கேள்விக்கான விடையைப் பொறுத்தே வழி இரண்டாகப் பிரிகிறது. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவ நிலையங்களில் இலவச சிகிச்சை அளிக்கச் சொல்கிறது. ஆனால் மெடிக்கல் எய்ட்டில் இருப்பவர்களை அந்த இலவசத்திலிருந்து விலக்கி வைக்கிறது. அப்பாவின் மெடிக்கல் எய்ட்டில் பெயர் இருப்பதை மறந்துவிட்டு அரசு மருத்துவமனைக்குச் சென்ற பெண்ணுக்குப் பின்னர் பில் வருவது இதனால்தான்.

மெடிக்கல் எய்ட் இல்லாத பெண் கவலைப்பட வேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டு மே மாதம் நெல்சன் மண்டேலா நாடாளுமன்றத்தில் அறிவித்த இலவச மகப்பேறு சிகிச்சை இன்றும் தொடர்கிறது. கர்ப்பம் உறுதியானதும் அருகிலுள்ள அரசு கிளினிக்கில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அங்கு கொடுக்கப்படும் மகப்பேறுப் பதிவேட்டை ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்; பிரசவத்துக்குப் போகும்போது ஆர். கே. கான் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் முதலில் கேட்கப்படுவது அதுவே. தத்துக் கொடுக்கும் எண்ணத்தைத் தாதியிடம் சொல்வதும் சொல்லாததும் தாயின் விருப்பம். ஆனால் முன்கூட்டியே சொன்னால், மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பிரசவத்துக்கு முன்பே சந்திக்க முடியும். வலி எடுத்த பின்னர் இந்தப் பேச்சைத் தொடங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

மெடிக்கல் எய்ட்டில் இருக்கும் பெண்ணுக்கு, 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்கள் சட்டமே பெரிய பாதுகாப்பு. அந்தச் சட்டத்தின்கீழ் எந்த ஸ்கீமும் (மெடிக்கல் எய்ட்டை நடத்தும் அமைப்பும்), எவ்வளவு மலிவான திட்டமாக இருந்தாலும், கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சப் பலன்கள் உண்டு. கர்ப்பமும் பிரசவமும் அவற்றில் அடங்கும். இந்தக் குறைந்தபட்சப் பலன்களுக்கான செலவை ஸ்கீமில் உறுப்பினரின் பெயரில் இருக்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது. ஸ்கீம் குறிப்பிட்டுள்ள மருத்துவமனைக்கும் மருத்துவரிடமும் சென்றால் முழுத் தொகையையும் ஸ்கீமே கட்ட வேண்டும். நாமாக வேறு இடத்தைத் தேர்ந்தெடுத்தால் மீதியை நம் தலையில் கட்டிவிடுவார்கள். ஆகவே தொலைபேசியில் பேசும்போது, "இந்தத் திட்டத்தில் பிரசவத்துக்கு நீங்கள் குறித்துவைத்திருக்கும் மருத்துவமனை எது, மகப்பேறு மருத்துவர் யார்?" என்று நேராகக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கான முன் அனுமதி எண்ணையும் அப்போதே பெற்றுவிடலாம்.

கர்ப்பமானபின் புதிதாக மெடிக்கல் எய்ட்டில் சேர்ந்து பிரசவச் செலவைச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் பலர். அது பலிக்காது. சேர்வதற்கு முன் 90 நாட்களுக்கு மேல் எந்த ஸ்கீமிலும் இல்லாதவருக்கு மூன்று மாதப் பொதுக் காத்திருப்புக் காலத்தையும், ஏற்கெனவே உள்ள நிலைக்கு, அதாவது இங்கே கர்ப்பத்துக்கு, 12 மாதக் காத்திருப்புக் காலத்தையும் ஸ்கீம் விதிக்கலாம். அந்தக் காலத்தில் குறைந்தபட்சப் பலன்களையும் மறுக்கலாம். 90 நாட்களுக்குள் ஒரு ஸ்கீமிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவருக்கோ குறைந்தபட்சப் பலன்களை மறுக்க முடியாது. வேலை மாறும் கர்ப்பிணிகள் இந்தக் கணக்கை நாள் எண்ணிப் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் கர்ப்பத்தை மறைத்து எழுதுவது மிகவும் ஆபத்தானது. உறுப்பினர் பதவியே பறிபோகும். மருத்துவமனையில் இருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று பணம் தரும் காப்புறுதிகள் மெடிக்கல் எய்ட் அல்ல. அவற்றைக் குறைந்தபட்சப் பலன் விதி கட்டுப்படுத்தாது.

வீட்டாருக்குத் தெரியாமல் பிரசவிக்க விரும்பும் பெண்களைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் குடும்பங்களில் மிகுந்த வேதனையை உண்டாக்குவது இதுதான். அப்பாவின் மெடிக்கல் எய்ட்டில் இருக்கும் மகளின் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் மாதாந்தரக் கணக்கு அறிக்கையில் வரிவரியாக வரும். அந்த அறிக்கை போய்ச் சேர்வது முதன்மை உறுப்பினரான அப்பாவுக்கு. ஆகவே முதல் பரிசோதனைக்குப் போகும் முன்பே ஸ்கீமை அழைத்து, தன் சிகிச்சை விவரங்களை அறிக்கையில் காட்டாமல் தனக்கே அனுப்ப ஏற்பாடு உண்டா என்று கேட்க வேண்டும். அது முடியாதென்றால், அரசு கிளினிக்குக்குப் போய் அதற்குரிய கட்டணத்தைத் தாமே செலுத்த முடியுமா என்று விசாரிக்கலாம். பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்கும் உரிமைகள் உண்டு: 12 வயதைக் கடந்து, புரிந்துகொள்ளும் முதிர்ச்சியும் இருந்தால் சாதாரண சிகிச்சைக்குத் தாமே ஒப்புதல் அளிக்கலாம். சிசேரியன் போன்ற அறுவை சிகிச்சைக்கும், பிள்ளையைத் தத்துக் கொடுக்க ஒப்புவதற்கும் மட்டும் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் துணை வேண்டும். ஆகவே இளம்பெண்ணின் விஷயத்தில் முழு இரகசியம் கடைசிவரை நிலைக்காமல் போகலாம். நம்பிக்கைக்குரிய அத்தையோ பாட்டியோ ஒருவர் முதலிலேயே அறிந்திருப்பது நல்லது.

இனிப் பிறந்த பிள்ளையின் செலவு. தாயின் செலவும் பிள்ளையின் செலவும் பிரசவ அறையிலேயே தனித்தனிக் கணக்குகளாகிவிடுகின்றன என்பதைப் பலரும் பில் வந்த பின்னரே உணர்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் இருந்தாலே தொகை மலைபோல் ஏறிவிடும். தாய் உறுப்பினராக இருக்கும்போது பிறந்த பிள்ளைக்குக் காத்திருப்புக் காலம் விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை; ஆனால் பிள்ளையின் பெயரை, பெரும்பாலான ஸ்கீம்களின் விதிப்படி, பிறந்த 30 நாட்களுக்குள் பதிய வேண்டும். தத்துக் கொடுக்கப்போகிறோமே, எதற்காகப் பதிவது என்று விட்டுவிட்டால், தனியார் மருத்துவமனையின் பில் தாயின் பெயருக்கே வரும். தாய் தாமே முதன்மை உறுப்பினர் அல்லாமல் தந்தையைச் சார்ந்தவர் என்றால், பேரப்பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா என்பது ஸ்கீமுக்கு ஸ்கீம் வேறுபடும். அதை ஏழாம் மாதத்துக்குள் கேட்டறிய வேண்டும். எந்த ஸ்கீமிலும் பதியப்படாத பிள்ளைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம் என்பதால், சேர்க்க மாட்டோம் என்று ஸ்கீம் சொல்லும் இடத்தில் அரசு மருத்துவமனைப் பிரசவமே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

தத்தெடுக்கப்போகும் பெற்றோரும் தங்கள் ஸ்கீமிடம் எந்தத் தேதியிலிருந்து பிள்ளையை ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்க வேண்டும்: பிள்ளை அவர்கள் வீட்டுக்கு வரும் நாளிலிருந்தா, நீதிமன்ற ஆணை வரும் நாளிலிருந்தா? இரண்டுக்கும் இடையே மாதங்கள் ஓடலாம். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, குழந்தைகள் நீதிமன்றத்தில் ஒப்புதல் கையொப்பமிட்ட தாய் 60 நாட்களுக்குள் அதைத் திரும்பப் பெறலாம். அந்தக் காலம் கழிந்த பின்னரே ஆணையை நோக்கி நகர முடியும். ஆணை வரும்வரை, பெற்றவர் என்ற முறையில் தாய்க்கு உள்ள உரிமைகளும் பொறுப்புகளும் முடிவடைவதில்லை. அதனால் இடைக்காலத்தில் பிள்ளையின் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்பதைச் சமூகப் பணியாளர் எழுத்தில் பதிவு செய்யும்படி வற்புறுத்துங்கள். வாய்ப்பேச்சு போதாது.

தத்தெடுப்போர் பெற்ற தாய்க்குப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி கூச்சத்தோடு எழும். பிள்ளைக்கு விலையாக எதுவும் கொடுப்பதையும் வாங்குவதையும் குழந்தைகள் சட்டத்தின் 249ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனால் அதே பிரிவு, கர்ப்பம், பிரசவம், அதற்குப் பிந்திய சிகிச்சை ஆகியவற்றின் நியாயமான மருத்துவச் செலவையும், மனநல ஆலோசனைச் செலவையும் தாய் ஈடாகப் பெற்றுக்கொள்ள இடம் தருகிறது. ஸ்கீம் கட்டாத மீதித் தொகை, மருந்துக் கடைச் சீட்டு, ஸ்கேன் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்திருந்தால் இதைத் தலைநிமிர்ந்து கேட்கலாம். பணம் பதிவுபெற்ற சமூகப் பணியாளரின் அல்லது தத்து நிறுவனத்தின் வழியாகவே வரட்டும். கையில் ரொக்கமாக வாங்க வேண்டாம்.

ஸ்கீம் பணம் மறுத்தால், முதலில் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு, ஸ்கீமின் முதன்மை அதிகாரிக்கு முறையீடு எழுதுங்கள். அதற்கும் பலன் இல்லையெனில் ஸ்கீம்களைக் கண்காணிக்கும் அமைப்பான மெடிக்கல் ஸ்கீம்கள் மன்றத்தில் (Council for Medical Schemes) புகார் செய்யலாம். அதற்குப் பதிலளிக்க ஸ்கீமுக்கு 30 நாட்கள் அவகாசம் தரப்படும்.

பிள்ளை போனபின் தாயின் சிகிச்சை முடிந்துவிட்டதாக வீட்டார் கருதிவிடுகிறார்கள். பால் கட்டிக்கொள்வதும் தையல் ஆறாமல் இருப்பதும் பிள்ளை அருகில் இல்லை என்பதற்காக நின்றுவிடுமா? வேலைக்குப் போகும் பெண்ணைப் பிரசவத்துக்குப்பின் ஆறு வாரம், மருத்துவரோ மருத்துவச்சியோ தகுதிச் சான்று தராமல், வேலை செய்ய விடக் கூடாது என்ற தொழிலாளர் சட்டம் இவருக்கும் பொருந்தும். மனம் நொடிந்து மருத்துவர் மனச்சோர்வு என்று கண்டறிந்தால், கடும் மனச்சோர்வுக்கு ஆண்டுக்கு 15 முறை வரை மனநல ஆலோசனை குறைந்தபட்சப் பலன்களில் உண்டு. மருத்துவரிடம் அந்த நோய்க் குறியீட்டை எழுதித்தரச் சொல்லுங்கள், அது இல்லாமல் ஸ்கீம் அந்தச் செலவைச் சேமிப்புக் கணக்கில் கழித்துவிடக்கூடும். ஆறாம் வாரப் பரிசோதனைக்குத் துணையாகப் போகிறவர் கிளினிக்கை முன்னதாகவே அழைத்து, கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மாரிடையே அவரை உட்காரவைக்காமல் வேறு அறையிலோ வேறு நேரத்திலோ பார்க்க முடியுமா என்று கேளுங்கள்; கேட்டபோதெல்லாம் தாதிமார் மனமுவந்து ஏற்பாடு செய்துதந்ததைப் பார்த்திருக்கிறேன்.