தமிழ்ப் பெயரை வெட்டாத படிவம் செய்வது எப்படி?

எங்கள் ஊர் நூலகத்துக்கு உறுப்பினர் சேர்க்கைப் படிவம் ஒன்றைத் தமிழில் செய்து கொடுத்தேன். அந்த வேலையில் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன். எச்.டி.எம்.எல்., கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் போதும்.

படி 1: பக்கத்தின் மொழி தமிழ் என்று html குறியிலேயே (lang="ta") குறிப்பிடுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும்.

படி 2: பெயருக்கு ஒரே பெட்டி. முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் கட்டாயமாக்கினால், இனிஷியலோடு எழுதும் நம்மவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். எதை நிரப்ப வேண்டும் என்பதைப் பெட்டிக்கு மேலே எழுதுங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் எழுதினால், தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும்.

படி 3: எழுத்து எண்ணிக்கை. அதிக நேரம் பிடித்தது இதற்குத்தான். 'மீனாட்சிசுந்தரம்' நமக்கு 9 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 16 குறி. துணைக்கால், விலங்கு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. பெட்டியின் நீள வரம்பான மேக்ஸ்லெங்த்தை (maxlength) 15 என்று வைத்தால் கடைசிப் புள்ளியைப் பெட்டி வாங்காது. பெயர் 'மீனாட்சிசுந்தரம' என்று நிற்கும். ஒருவர் பெயரை இப்படிக் குறைத்து வாங்க நமக்கு உரிமை இல்லை.

அதனால் பெயருக்கு 200 என்று தாராளமாக விடுங்கள். சர்வரில் பைட் கணக்கில் வரம்பு இருந்தால் அதையும் பாருங்கள்: யூனிகோடு குறிகளைப் பைட்டாகச் சேமிக்கும் யு.டி.எஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், இந்தப் பெயருக்கு மட்டும் 48. 'இன்னும் இத்தனை எழுத்து' என்று காட்ட வேண்டிய இடத்தில், ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள, எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் செக்மென்டரை (Intl.Segmenter) பயன்படுத்துங்கள். தனி லைப்ரரி எதுவும் தேவையில்லை. அது சரியாக 9 என்று சொல்லும்; 'ஸ்ரீ', 'க்ஷ' போன்ற கூட்டெழுத்துகளை மட்டும் இரண்டாக எண்ணும்.

படி 4: பொத்தானின் அகலத்தைப் பிக்சலில் பூட்டாதீர்கள். 'பதிவு செய்க' என்பது இரண்டு வரியாக உடைந்துவிடும். உயரம் 44 பிக்சல் இருந்தால் விரலுக்கு வசதி.

பின்சேர்க்கை: 'பொன்னி' என்று தேடினால் சில பதிவுகள் வருவதில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். 'பொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் (normalize) கொடுத்து, இரண்டையும் ஒரே குறியாகச் சேர்க்கும் என்.எஃப்.சி. (NFC) வடிவுக்கு மாற்றுங்கள். அப்புறம், பழைய பதிவுகளையும் ஒருமுறை அப்படியே மாற்றிவிடுங்கள்.