பில்ட்ரூட் இமேஜ் பூட் ஆகவில்லையா? எங்கே நின்றது என்று பாருங்கள்

காத்தான்குடிப் பள்ளிவாசலின் தொழுகை நேரப் பலகைக்கோ, அம்பாறை வயல் வாய்க்காலின் நீர்மட்டக் கருவிக்கோ, ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினிப் போட்டில் (பலகையில்) ஓடும் சின்ன லினக்ஸ் ஒன்று போதும். மூலக் கோடிலிருந்து லினக்ஸ் கட்டித்தரும் பில்ட்ரூட் கருவியில் அதைக் கட்டும்போது ஏதாவது பிழை வந்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கத்தான் கை போகும். முழுக் கட்டுமானம் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் அந்த நேரமும் போச்சு. தொகுக்கும்போது நின்றதா, மெமரி காட்டுக்கு எழுதும் ஒரே கோப்பான இமேஜாகக் கோக்கும்போது நின்றதா, போட்டில் நின்றதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

தொகுக்கும்போது

கட்டுமானத்தை ஓட்டும் மேக் கட்டளையின் வெளியீடு முழுவதையும் ஒரு லொக் கோப்பில் சேமியுங்கள். கடைசி வரியில் நிற்கும் ‘எரர் 2’ எதையும் சொல்லாது. முதல் எரர் அதற்கு மேலே எங்கோ இருக்கும். அங்கே ‘கில்ட்’ என்று இருந்தால் உங்கள் கோடில் பிழை இல்லை, ரேம் போதவில்லை. 4 ஜிபி லெப்டொப்பில் சி பிளஸ் பிளஸ் மொழிப் பொதிகள் (மென்பொருள் தொகுதிகள்) வரும்போது இது சாதாரணம். ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையை 1 அல்லது 2 ஆகக் குறைத்து, ஸ்வப் (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) சேர்த்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே மேக் கொடுங்கள்.

ஹேஷ் (கோப்பின் சரிபார்ப்புக் குறி) பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் டவுன்லோட் பாதியில் அறுந்திருக்கும். அந்தக் கோப்பை மட்டும் அழித்தால் போதும். ‘மேக் சோர்ஸ்’ கட்டளை தொகுக்காமல் எல்லா மூலக் கோப்புகளையும் இறக்கித் தரும். இரவு டேட்டாவில் அதை ஓடவிட்டால் பகலில் இணையமே வேண்டாம்.

விண்டோசுக்குள் லினக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு, பாத் மாறியில் (நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலில்) இடைவெளி இருப்பதாகச் சொல்லிக் கட்டுமானம் தொடங்காமலே நிற்கும். பாத்திலிருந்து விண்டோஸ் கோப்புறைகளை நீக்குங்கள். சி டிரைவில் கட்டாதீர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை அது பார்க்காததால் கேர்னலின் (லினக்ஸின் மையக் கருவின்) மூலக் கோடே குழம்பும்.

மெனுவில் ஒரு பொதியை நீக்கிவிட்டு மேக் கொடுத்தாலும் அது இமேஜில் இருந்துகொண்டேயிருக்கும். ஏற்கெனவே நிறுவியதை பில்ட்ரூட் திரும்ப எடுப்பதில்லை. இதற்கு ‘மேக் கிளீன்’ தேவை.

கோக்கும்போதும் எழுதும்போதும்

‘பிளொக் ஒதுக்க முடியவில்லை’ என்று ஈஎக்ஸ்டி4 (லினக்ஸ் கோப்பு முறைமை) இமேஜ் உருவாகாமல் நின்றால், அதற்கு நீங்கள் கொடுத்த அளவு போதவில்லை. பூட் கோப்புகள் இருக்கும் ஃபேட் பார்ட்டிஷனில் (பகுதியில்) ‘டிஸ்க் ஃபுல்’ வந்தால், இமேஜின் பகுதிகளை வரையறுக்கும் ஜென்இமேஜ் கோப்பில் 32 எம்பியை 64 ஆக்குங்கள். மெமரி காட்டுக்கு எழுதும்போது முழுச் சாதனத்தின் பெயரையே (எஸ்டிபி போல) கொடுக்க வேண்டும். எஸ்டிபி1 என்று கொடுத்தால் பார்ட்டிஷனுக்குள் இன்னொரு டிஸ்க் போய் உட்காரும். எழுதியது சரியாக முடிந்ததாகவே காட்டும்.

போட்டில்

பச்சை விளக்கைப் பாருங்கள். 4 முறை மின்னினால் ஸ்டார்ட் கோப்பு இல்லை, 7 முறை மின்னினால் கேர்னல் இல்லை. பை 3க்கான கட்டமைப்பைப் பை 4இல் போட்டால் முதல் வகை வரும்; பை 4 தேடுவது வேறு பெயருள்ள ஸ்டார்ட் கோப்பை.

விளக்கு சரி, திரை கருப்பு என்றால் போட்டின் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் கேபிள் இல்லாமல் ஊகிக்கத்தான் முடியும். 3.3 வோல்ட் யூஎஸ்பி அடப்டர் வாங்குங்கள். 5 வோல்ட் சிக்னல் போட்டை எரிக்கும். தரை 6ஆம் பின்னுக்கு, போட் அனுப்புவது 8ஆம் பின்னில், பெறுவது 10ஆம் பின்னில். வேகம் 115200. பை 3, 4இல் கொன்ஃபிக் கோப்பில் யூவார்ட்டை (சீரியல் இணைப்பை) இயக்காவிட்டால் எதுவும் வராது.

ரூட் (முதன்மைக் கோப்பு முறைமை) ஏற முடியாமல் கேர்னல் பனிக் ஆகும்போது (தொடர முடியாமல் நிற்கும்போது) அடைப்புக்குள் வரும் இரண்டு எண்களில்தான் விடை இருக்கிறது. (0,0) என்றால் மெமரி காட்டையே கேர்னல் காணவில்லை: ரூட் தயாராகும்வரை காத்திருக்கச் சொல்லும் ‘ரூட்வெயிட்’ விடுபட்டிருக்கும், அல்லது ரூட் பெயர் பிழை. ரூட்வெயிட் இருந்தும் பெயர் பிழையென்றால் பனிக் ஆகாது, காத்துக்கொண்டே கிடக்கும். (179,2) என்றால் மெமரி காட்டின் இரண்டாம் பார்ட்டிஷன் கிடைத்துவிட்டது. ஈஎக்ஸ்டி4 ஆதரவு கேர்னலுக்குள் இல்லை, அல்லது பார்ட்டிஷன் பழுது. இனிட் (கேர்னல் முதலில் ஓட்டும் நிரல்) இல்லை என்று நின்று, அருகே –8 இருந்தால் 64 பிட் ரூட்டுக்கு 32 பிட் கேர்னல் போட்டிருக்கிறீர்கள். கேர்னலுக்குக் கொடுக்கும் சிஎம்டிலைன் கோப்பு ஒரே வரியாக இருக்கவேண்டும். இடையில் என்டர் தட்டியிருந்தால் அதற்குப் பிறகுள்ளது போய்ச் சேராது.

பூட் ஆன பிறகு

அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் ரூட்டை வாசிக்க மட்டும் ஏற்றுவதே எங்கள் பரிந்துரை. அப்படிச் செய்தால் தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் டிராப்பேர் (எஸ்எஸ்எச் சேவை) ஒவ்வொரு பூட்டிலும் போட்டுக்குப் புதிய சாவி உண்டாக்கும், உங்கள் கணினி ‘சாவி மாறிவிட்டது’ என்று கத்தும். போட்டின் சாவி ஒன்றை பில்ட்ரூட்டின் ஓவர்லே கோப்புறையில் (ரூட்டுக்குள் நகலாகும் உங்கள் கோப்புகள்) வைத்துக் கட்டினால் அது அடங்கும்.

பை 4 வரை போட்டில் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் 1970 காட்டும், பாங்கு நேரம் தாறுமாறாகும், எச்டிடிபிஎஸ் சான்றிதழ்களும் தோற்கும். டிஎஸ்3231 கடிகார மொடியூலை 1, 3, 5, 9 பின்களில் பொருத்துங்கள். 5 வோல்ட்டில் வேண்டாம். கேர்னல் மெனுவில் இதன் டிரைவர் டிஎஸ்1307 என்ற பெயரில் இருக்கும். பூட் பார்ட்டிஷனில் ஓவர்லேஸ் கோப்புறை (மேலே சொன்னதல்ல, வேறொன்று) இல்லாவிட்டால், கடிகாரத்தை இயக்கும் கொன்ஃபிக் வரியைப் போட்டின் ஃபேர்ம்வேர் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். எல்லாம் சரியாகியும் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்தி நின்றால், நேர வலயத் தரவைச் சேர்த்து ‘ஏசியா/கொழும்பு’ என்று குறிக்க மறந்திருக்கிறீர்கள்.