பொன்னாடை போர்த்திய தலைவரை எண்ணெய் வண்ணத்தில் வரைவது எப்படி

கோயில் நிர்வாகக் குழுத் தலைவர், சங்கச் செயலாளர், பள்ளிக்கு நன்கொடை தந்த பெரியவர் என்று யாருடைய உருவப்படம் கேட்டு வந்தாலும் நான் முதலில் காட்டுவது இத்தாலிய ஓவியர் ஜொவானி பெல்லினியின் ஓர் ஓவியத்தைத்தான். வெனிஸ் குடியரசின் தலைவர் லியோனார்டோ லொரெடானை 1501-02 வாக்கில் பாப்லர் மரப் பலகையில் வரைந்தார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. உயரம் சுமார் 62 சென்டிமீட்டர்தான். பெரிய மனிதர் என்றால் ஆளுயரப் படம் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அந்த அங்கியைப் பாருங்கள். வெள்ளைப் பட்டில் சரிகை வேலைப்பாடு. பெல்லினி அங்கே வண்ணத்தைத் தடிப்பாக, சொரசொரப்பாக வைத்திருக்கிறார். மேடுகளில் ஒளி பட்டதும் ஜரிகை இழை போலவே மின்னுகிறது. நம் பொன்னாடைக்கும் இதே வழிதான். பர்ன்ட் அம்பரும் (அடர் பழுப்பு) யெல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்) கலந்து மெல்லிய அடிப்பூச்சு கொடுங்கள். காய்ந்த பிறகு, ஓக்கரில் வெள்ளை கலந்து, சின்னத் தூரிகையால் மடிப்புகளின் மேட்டில் மட்டும் புள்ளி புள்ளியாக வையுங்கள். பள்ளங்களில் அடிப்பூச்சு அப்படியே தெரியட்டும். தங்க நிற டியூப் வாங்காதீர்கள். அது அறையின் ஒளிக்கு மின்னுமே தவிர, நீங்கள் வரைந்த ஒளிக்கு மின்னாது.

வெள்ளை வேட்டி சட்டைக்கு அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜண்ட் 1904இல் வரைந்த, சிங்கப்பூரின் பிரிட்டிஷ் ஆளுநர் சுவெட்டன்ஹாம் படம் உதவும். காலம் வேறுதான். ஆனால் அது நம் சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. காட்சியில் இருக்கும்போது போய், அந்த வெள்ளைச் சீருடையில் சுத்த வெள்ளை எவ்வளவு குறைவு என்று பாருங்கள்.

முகத்துக்கு வாட்ஸ்அப் படம் போதாது. கைபேசி சுருக்கங்களைத் தானே அழித்துவிடுகிறது. கூரை விளக்கை அணைத்துவிட்டு, காலையில் ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள். லொரெடானின் முகத்தில் ஒரு பாதியில் கண்டிப்பு, மறு பாதியில் கனிவு. பக்கவாட்டு ஒளி இல்லாமல் அது கிடைக்காது. திருநீற்றைக் கடைசியில், தோல் நிறம் நன்றாகக் காய்ந்த பிறகு, அடியில் நெற்றி தெரியும்படி மெல்லியதாகப் பூசுங்கள்.

அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்கட்டும். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு வெடிக்கும். எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. அதனால் மின்விசிறி போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். அம்பர் சீக்கிரம் காயும், ஐவரி பிளாக் இழுத்தடிக்கும்.

ஒன்று முக்கியம், அதுவும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வரைபவர்களுக்கு: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

படத்தை ஒப்படைக்கும்போதே, வார்னிஷ் பூச ஆறு மாதமாவது ஆகும் என்று குழுவிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், விளக்குப் புகை படாத சுவராகக் கேட்டு வாங்குங்கள்.