விளையாட்டுக்காகக் கணினியின் சுமையைக் குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

8 ஜிபி ரேமும் நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டும் உள்ள கணினியில் புதிதாக வந்த விளையாட்டு ஒன்று திக்கித் திக்கி ஓடினால், பெரும்பாலோர் உடனே தேடுவது கணினியை வேகமாக்கும் வழிகளின் பட்டியலைத்தான். அந்தப் பட்டியல்களில் உள்ள பல யோசனைகள் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தோடு பொருத்தம் இழந்தவை. சில எந்தக் காலத்திலும் பொருந்தாதவை. சென்ற கோடையில் என் அக்கா மகனின் மடிக்கணினியைப் பார்க்க நேர்ந்தபோது, அதில் ரேமைக் காலி செய்யும் மென்பொருள்கள் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன, ரேமுக்குத் துணையாக வட்டில் விண்டோஸ் ஒதுக்கும் பேஜ் ஃபைல் நிறுத்தப்பட்டிருந்தது, பின்னணியில் இயங்கும் விண்டோஸின் துணை நிரல்களான சர்வீஸ்கள் இருபதுக்கும் மேல் முடக்கப்பட்டிருந்தன. விளையாட்டோ முன்பைவிட மோசமாக ஓடியது. அவன் சோம்பலால் செய்த தவறு எதுவும் அதில் இல்லை. எங்கே நெருக்கடி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் காலி செய்யத் தொடங்கியதுதான் பிழை.

நெருக்கடியை அறிவது கடினமன்று. விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனிப் படங்கள், ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லி நொடிக்குள் தயாராக வேண்டும். அந்த நேரத்துக்குள் ப்ராசசர் தன் கணக்குகளை முடிக்க வேண்டும், கிராபிக்ஸ் கார்டு படத்தை வரைந்து முடிக்க வேண்டும். இரண்டில் எது தாமதிக்கிறதோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கிறது. விளையாட்டின் ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. ஏறக்குறைய அப்படியே நின்றால் தடை ப்ராசசரிலோ நினைவகத்திலோ இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு 98 சதவீதத்தில் உழைத்துக்கொண்டிருக்கும் கணினியில் பின்னணி மென்பொருள்களை மூடுவதால் சராசரி வேகம் பெரிதாக உயராது. அங்கே நிழல், பிரதிபலிப்பு போன்ற அமைப்புகளை ஒரு படி இறக்குவதே பயன் தரும்.

இங்கே பலரை ஏமாற்றும் எண் ஒன்று உண்டு. டாஸ்க் மேனேஜரில் ப்ராசசர் 30 சதவீதம் என்று காட்டினால், மீதி 70 சதவீதம் சும்மா இருக்கிறது என்றும் தடை அங்கே இல்லை என்றும் முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் 16 த்ரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் 16 தடங்கள், கொண்ட ப்ராசசரில் ஒரே ஒரு த்ரெட் முழுமையாக நிரம்பினால் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம் அளவுக்கே தெரியும். பல விளையாட்டுகளில் முக்கிய வேலை ஓரிரு த்ரெட்களிலேயே நடப்பதால், மொத்த எண் குறைவாக இருக்கும்போதே ப்ராசசர் திணறிக்கொண்டிருக்கலாம். அதேபோலச் சராசரி ஃபிரேம் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதும் போதாது. பின்னணியில் திடீரென ஓடும் வேலைகள் சராசரியை அதிகம் குறைக்காமல், இடையிடையே ஒரு ஃபிரேமை மட்டும் நீளமாக இழுத்துவிடும். கை உணரும் தடுக்கல் அதுதான். இதை அளக்க, மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தைக் காட்டும் கேப்ஃபிரேம்எக்ஸ் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன.

அடுத்து, மிகப் பரவலான தவறாகிய ரேமைக் காலி செய்யும் மென்பொருளுக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதன் பின்னால் உள்ள தவறான எண்ணம்தான் மற்றப் பல தவறுகளுக்கும் வேர். ரேம் நிரம்பியிருந்தால் கணினி திணறுகிறது, காலியாக இருந்தால் வேகமாக ஓடும் என்பதே அந்த எண்ணம். விண்டோஸ் விஸ்டாவில் சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் வந்து, பின்னர் விண்டோஸ் 10 இல் சிஸ்மெயின் என்று பெயர் மாறிய பகுதி, நாம் அடிக்கடி பயன்படுத்தும் கோப்புகளை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கிறது. முன்பு ஒருமுறை படித்த கோப்புகளின் தரவுகளும் அங்கேயே தங்குகின்றன. இவ்வாறு காத்திருப்பில் உள்ள பகுதி யாருக்கும் தடையன்று. விளையாட்டு இடம் கேட்ட அந்தக் கணத்திலேயே விண்டோஸ் அதை விட்டுக்கொடுத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் "அவெய்லபிள்" என்று காட்டப்படும் அளவில் இந்தக் காத்திருப்புப் பகுதியும் சேர்ந்தே இருக்கிறது.

காலி செய்யும் மென்பொருள் என்ன செய்கிறது? ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலிடமிருந்தும் அது கையில் வைத்திருக்கும் நினைவகப் பக்கங்களைப் பறித்து வெளியே தள்ளுகிறது. திரையில் உள்ள எண் குறைகிறது, பார்ப்பவருக்கு மகிழ்ச்சி. அடுத்த நொடியே அந்த நிரல்கள் தம் பக்கங்களைத் திரும்பக் கேட்கின்றன. சிலவற்றை வட்டிலிருந்து மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது. சமைத்துக்கொண்டிருக்கும்போது மேடைமேல் எடுத்து வைத்த அரிசி, பருப்பு, புளி அனைத்தையும், மேடை காலியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பரணில் ஏற்றிவிட்டு, பிறகு ஒவ்வொன்றுக்கும் ஏணி போட்டு ஏறுவதைப் போன்றது இது. ரேமிலிருந்து படிக்க நூறு நானோ நொடி அளவே ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து படிப்பது அதைவிடப் பல நூறு மடங்கு மெதுவானது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஒரு தேடலுக்கு 10 மில்லி நொடி வரை ஆகலாம். ஒரு ஃபிரேமுக்கு நம்மிடம் இருப்பதே 16.7 மில்லி நொடி என்பதை நினைவில் கொண்டால், இந்த மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக ஓடும்படி அமைக்கப்பட்ட கணினியில் விளையாட்டு ஏன் அவ்வப்போது உறைந்து நிற்கிறது என்பது விளங்கும்.

உண்மையில் ரேம் போதவில்லை என்றால் செய்ய வேண்டியது எளியது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கி, எது அதிகம் எடுக்கிறது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். பெரும்பாலும் முதலிடத்தில் நிற்பது பல தாவல்களோடு திறந்திருக்கும் பிரவுசராகத்தான் இருக்கும். அது ரேமை மட்டுமன்றி, கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகத்தையும் எடுத்துக்கொள்கிறது. 4 ஜிபி மட்டுமே உள்ள கார்டில் அந்த இழப்பு நன்றாகத் தெரியும். அரட்டைச் செயலிகள், விளையாட்டுக் கடைகளின் லாஞ்சர்கள், கிளவுட் சேமிப்புச் செயலிகள் ஆகியவற்றை மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினால் பல சமயம் அவை மூடப்படுவதில்லை. கடிகாரத்துக்கு அருகே உள்ள சிறு படங்களின் வரிசையில் ஒளிந்துகொண்டு ஓடுகின்றன. அங்கே வலது சொடுக்கு செய்து முழுமையாக வெளியேற வேண்டும். கணினியோடு சேர்ந்தே எழுபவற்றை ஸ்டார்ட்அப் பகுதியில் ஒருமுறை நிறுத்திவிட்டால் அன்றாடம் இந்த வேலை இருக்காது. திரையைப் பின்னணியில் பதிவு செய்துகொண்டே இருக்கும் வசதி இயங்குகிறதா என்பதையும் விண்டோஸின் கேமிங் அமைப்புகளில் பார்த்து, தேவையில்லையென்றால் அணைத்துவிடலாம்.

பேஜ் ஃபைலை நிறுத்துவது இதே எண்ணத்தின் இன்னொரு கிளை. "16 ஜிபி ரேம் இருக்கும்போது வட்டில் எதற்கு நினைவகம்?" என்று கேட்பார்கள். நிரல்கள் தாம் உடனே பயன்படுத்தாத நினைவகத்தையும் முன்பதிவு செய்துகொள்ளும் வழக்கம் உடையவை. அந்த முன்பதிவுகளுக்கு விண்டோஸ் வைத்திருக்கும் உச்சவரம்பு, ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவு. பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் உச்சவரம்பு ரேமின் அளவாகவே சுருங்குகிறது. ரேமில் இடம் மீதமிருந்தும், நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்போடு விளையாட்டு நின்றுபோகிறது. அக்கா மகனின் கணினியில் வாரம் இரண்டு முறை நடந்தது இதுவே. விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்ற அமைப்பில் அதை எஸ்எஸ்டியில் விட்டுவிடுவதுதான் சரி.

எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் ப்ராசசர்களின் எண்ணிக்கையையும் அதிகபட்ச நினைவகத்தையும் தேர்ந்தெடுத்தால் கணினி முழு வலிமையோடு ஓடும் என்று சொல்லும் காணொளிகளுக்குக் குறைவே இல்லை. அந்தக் கட்டங்கள் குறைந்த வளமுள்ள கணினியில் ஒரு நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதிப்பவர்களுக்காக வைக்கப்பட்ட வரம்புகள். எதையும் தேர்ந்தெடுக்காத நிலையிலேயே விண்டோஸ் எல்லா கோர்களையும் முழு ரேமையும் பயன்படுத்துகிறது. அங்கே தவறான எண்ணைக் கொடுத்துவிட்டு, வாங்கிய ரேமில் பாதியைக் காணோம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

விளையாட்டுக்கு "ரியல்டைம்" முன்னுரிமை கொடுப்பதும் தவறு. அந்த நிலையில் விளையாட்டு, கணினியின் அடிப்படை வேலைகளையே பின்னுக்குத் தள்ளிவிடும். ஒலி கரகரக்கும், மவுஸ் தடுமாறும், சில சமயம் கணினியே உறைந்துவிடும். 2017 முதல் விண்டோஸ் 10 இல் உள்ள கேம் மோட், விளையாட்டின் நடுவே டிரைவர் புதுப்பிப்புகளும் மறுதொடக்க அறிவிப்புகளும் குறுக்கிடாமல் தடுத்துப் பின்னணி வேலைகளையும் அடக்கி வைக்கிறது. தனியாக ஒரு கேம் பூஸ்டரை நிறுவி, அதுவும் ஒரு பின்னணி வேலையாக ஓடவிட வேண்டிய தேவை இல்லை.

சர்வீஸ்களை மொத்தமாக முடக்கும் ஸ்கிரிப்ட்கள் எனும் சிறு கட்டளைத் தொகுப்புகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. சர்வீஸ்களில் பெரும்பாலானவை உறங்கும் நிலையில் சில எம்பி நினைவகத்தோடு கிடப்பவை. அவற்றை நிறுத்துவதால் ஒரு ஃபிரேம்கூடக் கூடுவதில்லை. ஆனால் எக்ஸ்பாக்ஸ் தொடர்பானவற்றை நிறுத்தினால் மைக்ரோசாஃப்டின் சந்தா சேவையான கேம் பாஸின் விளையாட்டுகள் திறக்காது, புளூடூத் சர்வீஸை நிறுத்தினால் கன்ட்ரோலர் இணையாது, காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் அலைய நேரும். பாகங்கள் அகற்றப்பட்டு யாரோ ஒருவரால் இணையத்தில் பகிரப்படும் விண்டோஸ் பதிப்புகள் இதைவிட ஆபத்தானவை. அதில் எது நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்று நாம் அறிய வழியில்லை. அதே கணினியில்தான் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம்.

ஆன்டிவைரஸை நிரந்தரமாக அணைப்பதும் அத்தகையதே. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் முழு ஸ்கேன் செய்யும் நேரத்தில் விளையாட்டு தடுமாறுவது உண்மை. அதற்கு ஸ்கேன் நேரத்தை மாற்றியமைத்தால் போதும். திருட்டுப் பிரதியாக வரும் விளையாட்டுகள் நிறுவும்போதே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் என்பதைக் கவனியுங்கள். 2021 இல் அவாஸ்ட் நிறுவனம் வெளிப்படுத்திய கிராக்கோனோஷ் என்ற தீநிரல் இவ்வகைப் பிரதிகள் வழியாகவே பரவியது. அது பாதுகாப்பு மென்பொருளையும் விண்டோஸ் அப்டேட்டையும் முடக்கிவிட்டு, உரிமையாளருக்குத் தெரியாமல் அவர் கணினியை மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்ட வைத்தது. வேகம் கூட வேண்டும் என்று பாதுகாப்பை அணைத்தவரின் ப்ராசசர் இரவும் பகலும் வேறொருவருக்காக உழைத்தது.

வட்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு கட்டத்தைத் தொடாமல் விடுங்கள். டிஸ்க் கிளீனப்பில் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ் என்று ஒன்று இருக்கும். விளையாட்டின் காட்சிகளை வரையத் தேவையான சிறு நிரல்கள் ஒருமுறை உங்கள் கார்டுக்கேற்பத் தயாரிக்கப்பட்டு அங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன. அழித்தால் அவை மீண்டும் தயாராக வேண்டும், அதுவரை விளையாட்டு திக்கும். டிரைவரை மாற்றிய பின் படம் சிதைந்து தெரிந்தால் மட்டும் அதை அழிப்பதில் பொருள் இருக்கிறது. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியுள்ள ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் கிளீனர்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை. எஸ்எஸ்டியை டீஃபிராக் செய்யும், அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும், தனி மென்பொருளும் வேண்டாம். தேவையான பராமரிப்பை விண்டோஸ் தானே செய்கிறது. எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டுவைத்தால் போதும்.

இத்தனையும் செய்பவர்கள், ஏற்கெனவே கையில் உள்ள வலிமை பூட்டிக் கிடப்பதைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள். மானிட்டரின் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்படாமல் மதர்போர்டில் செருகப்பட்டிருந்தால், பல கணினிகளில் விளையாட்டு சிறிய உள்ளமைந்த கிராபிக்ஸிலேயே ஓடும். நொடிக்கு 144 முறை படத்தை மாற்றக்கூடிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, அமைப்பை 60 இலேயே வைத்திருப்பவர்கள் பலர். ரேம் ஒரே ஒரு துண்டாக இருந்தால் ஒரு சேனல் வழியாக மட்டுமே தரவு செல்லும். அதே அளவை இரு துண்டுகளாகப் போடும்போது, குறிப்பாகத் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில், வேகம் தெளிவாக உயரும். மடிக்கணினியைச் சார்ஜரில் இணைக்காமல் விளையாடினால் ப்ராசசரும் கார்டும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

வெப்பமும் இந்த வரிசையில்தான் வருகிறது. ப்ராசசர் ஏறக்குறைய 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தை இறக்கும். விளையாட்டு தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தால் ஐயப்பட வேண்டியது இதைத்தான். சித்திரை வெயிலில், மெத்தைமேல் வைத்து விளையாடிய அந்த மடிக்கணினியைத் திறந்தபோது, வெப்பம் வெளியேறும் தகடுகளுக்கு முன் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது.

முதலில் தூசியை அகற்றினோம். பிறகு அவன் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினோம்: காலி செய்யும் மென்பொருள்களை நீக்கினோம், பேஜ் ஃபைலைத் தானியங்கி நிலைக்குக் கொண்டுவந்தோம், சர்வீஸ்களை, ஸ்கிரிப்ட்டுக்கு முன் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைத்திருந்த ரீஸ்டோர் பாயின்டைக் கொண்டு மீட்டோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் விளையாட்டின் ஒரே பகுதியை மும்முறை ஓட்டி, ஃபிரேம் எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம். ஒரே நேரத்தில் ஐந்து மாற்றங்களைச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும் என்பதால் அந்தப் பொறுமை தேவைப்பட்டது. ரேமை மேலும் 8 ஜிபி கூட்டலாமா என்ற கேள்வியை அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் பேசினோம். விளையாட்டு ஓடும்போது 8 ஜிபியில் 7.5 நிரம்பி, பிரவுசரை மூடிய பிறகும் குறையாமல் இருந்ததால், இரண்டாம் துண்டை வாங்குவது என்று முடிவு செய்தோம்.